ஒரு கையில் தூக்கும் தொலைநோக்கி

சங்கீதா போன மாதம் ஃபோன் செய்து எனக்கு ஒரு வேலை கொடுத்தார். நான் ஓய்வு பெற்ற கடையை இப்போது அவர்தான் நடத்துகிறார். பினாங்கு ஜார்ஜ் டவுனில் மாடிப்படி ஏறிப் போக வேண்டியிருந்த அந்தக் கடை இப்போது கெலுகோரில் ஓர் அறைக்குள் அடங்கிவிட்டது. வாங்குகிறவர்கள் யாரும் அங்கே வருவதில்லை. கைப்பேசியில் கேட்கிறார்கள், கைப்பேசியில் வாங்குகிறார்கள், பெட்டி வீட்டுக்குப் போய்விடுகிறது.

"அண்ணே, சட்டுன்னு வெளிய போய் நட்சத்திரம் பார்த்துட்டு வர எந்த டெலஸ்கோப் நல்லதுன்னு நெறைய பேர் கேக்கறாங்க. அரைப் பக்கம் எழுதிக் குடுங்க. நான் போட்டுடறேன்."

"எந்த மாதிரி ஆளுக்கு?"

"எல்லாருக்கும்தான் லா."

"எல்லாருக்கும்னா எழுத முடியாதும்மா."

"ஏன் முடியாது? எடை, நீளம், லென்ஸ் சைசு. மத்த கடையெல்லாம் போடுதே."

அரைப் பக்கத்துக்கு உட்கார்ந்தேன். எடையும் நீளமும் எழுதினேன். அதற்குப் பிறகு கை வேறு பக்கம் போய்விட்டது. சங்கீதா இதைப் போடுவாரோ மாட்டாரோ தெரியாது. எனக்குத் தெரிந்த பதில் இப்படித்தான் இருக்கிறது.

நான் அதிகம் படித்தவன் இல்லை. தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்தோடு நின்றேன். அப்பா இறந்துவிட்டார், வீட்டில் சோற்றுக்கு ஆள் வேண்டியிருந்தது. மீன்பிடிப் படகில் ஐஸ் உடைத்தேன். இடது சுண்டுவிரல் நுனி அங்கே போனது. பத்து ஃபிரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டலில் துணி வெளுத்தேன். பிறகு லாரியில் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்கு உதவியாளாக, தாய்லாந்து எல்லைவரை போய் வந்தேன். லாரியிலேயே தூங்கி, பெட்ரோல் நிலையங்களில் குளித்தேன். எந்த வேலையிலும் இரண்டு வருடம் தாண்டினால் எனக்குக் கால் தரிக்காது. யாரும் துரத்தாமலேயே கிளம்பிவிடுவேன்.

அந்த லாரிதான் என்னைக் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு நாள் துறைமுகத்திலிருந்து வந்த பெட்டிகளை அந்தக் கடைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. பழைய கடைவீடு. மரப்படி செங்குத்தாகப் போய் நடுவில் ஒரு முறை திரும்பும். எல்லாவற்றையும் ஏற்றி முடித்து மூச்சு வாங்க நின்றபோது, மேலே நின்றிருந்த அம்மாள் கேட்டார்:

"இதுல எந்தப் பெட்டி உங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சு?"

எது கனம் என்று கேட்டிருந்தால் இரும்புத் தாங்கி இருந்த பெட்டியைக் காட்டியிருப்பேன். நான் காட்டியது நீளமான, கனமே இல்லாத ஒரு பெட்டியை. "இதுதான். திருப்பத்துல மாட்டுது. ஒவ்வொரு தடவையும் நிமுத்தி வெச்சு எடுக்க வேண்டியிருக்கு."

அவர் அந்தப் பெட்டியையும் படியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்கு வேலைக்கு வர்றீங்களா?" என்றார்.

அவர்தான் தெரேசா அக்கா, கடைக்குச் சொந்தக்காரர். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். காலையில் கோயிலில் பூசை கண்டுவிட்டு நேராகக் கடைக்கு வருவார். கண்ணாடி கழுத்துச் சங்கிலியில் தொங்கும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அப்போதுதான் நாங்கள் பயப்படுவோம்.

தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருடம் லென்ஸில் பிடித்த பூஞ்சையைத் துடைத்தேன். இந்த ஊர் ஈரத்தில் அலமாரிக்குள் மறந்து வைத்த எந்த லென்ஸிலும் சிலந்தி வலை மாதிரி பூத்துவிடும். அடுத்த வருடம் கண்ணாடிகளை நேர்ப்படுத்தக் கற்றேன். ஆங்கிலக் குறிப்புகளை அக்கா படித்துச் சொல்வார், நான் கையால் செய்வேன். இரண்டு வருடம் தாண்டியது. கால் கிளம்பவில்லை. ஏன் என்று அப்போது நானே யோசித்தேன். அந்தக் கடையில் ஒவ்வொரு ஆளும் ஒரு புதுக் கணக்காக வந்தார், அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சில பெட்டிகளின் மேல் இத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அக்கா அந்த எண்ணின் மேல் கறுப்பு நாடா ஒட்டிவிடுவார். யாராவது "எத்தனை மடங்கு?" என்று கேட்டால், "எந்த மாடியில இருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்பார். லிஃப்ட் உண்டா, எதில் வந்தீர்கள், யாரோடு போவீர்கள், எவ்வளவு நேரம் நிற்க முடியும், முட்டி வலி உண்டா. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகுதான் படி. கடையில் அது ஒரு சட்டம். தொலைநோக்கி வாங்க வருகிறவர் அதைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டும், கீழே ஐந்தடி நடைபாதையைத் தாண்டி, தான் வந்த வண்டியில் ஏற்ற வேண்டும், இறக்கி விரித்து எதிர்க்கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டும், மறுபடி மடக்கி மேலே கொண்டுவர வேண்டும். பின்னாலேயே வெறுங்கையோடு நடப்பது என் வேலை. உதவக் கூடாது. எந்தப் படியில் கை மாற்றுகிறார், எங்கே மூச்சு விடுகிறார், எதை முதலில் கீழே வைக்கிறார் என்று பார்த்து அக்காவிடம் சொல்ல வேண்டும்.

"சாமான் வாங்க வந்தவன கூலியாக்கறீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இன்னைக்கு ஒரு தடவ. வாங்கிட்டா ஒவ்வொரு தடவையும்," என்றார் அக்கா.

பினாங்கு வானம் தெரிந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தின் அர்த்தம் புரியும். இங்கே வானம் முழுசாகத் திறந்து கிடக்கும் மாலைகள் குறைவு. மேகத்தில் ஒரு சந்து விழும், காப்பி ஆறுவதற்குள் மூடிக்கொள்ளும். அந்தச் சந்துக்குள் நீங்கள் வீட்டிலிருந்து இறங்கி, விரித்து, பார்த்து முடித்திருக்க வேண்டும். அலமாரியிலிருந்து எடுக்க யோசிக்க வைக்கிற தொலைநோக்கி எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்திருந்தாலும் அலமாரியில்தான் இருக்கும். குளிர்சாதன அறையில் வைத்திருந்தால் இன்னும் மோசம். வெளியே கொண்டுவந்ததும் கண்ணாடி முழுக்கப் பனி படரும், அது கலைவதற்குள் சந்து மூடிவிடும்.

அதற்காகச் சிறியதுதான் எல்லாருக்கும் என்று அக்கா சொன்னதில்லை. பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வந்தார். பழம் விழும் காலத்தில் தோட்டத்துக் குடிசையிலேயே காவல் இருப்பாராம். அவருக்கு அக்கா கடையிலேயே பெரிய குழாயைக் கொடுத்தார். அவர் அதை எங்கேயும் தூக்கப் போவதில்லை, குடிசைக் கதவைத் திறந்து வெளியே தள்ளினால் போதும். "உங்களுக்கு அது டெலஸ்கோப் இல்ல, கட்டில் மாதிரி," என்றார். படித் தேர்வுகூட அவருக்கு வைக்கவில்லை. இன்னொரு பெண்மணிக்கு, கடைசிவரை தொலைநோக்கியே வேண்டாம் என்று ஒரு இரட்டைக்கண் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார். அவர் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது நிலாவைப் பார்க்கலாம் அல்லவா.

இப்படி ஆளுக்குத் தக்கபடி அளந்து அளந்து, எங்களுக்கு அளக்கத் தெரியாத ஆளே இல்லை என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அப்போதுதான் செல்வியும் மோகனும் வந்தார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலம் அது.

செல்விக்கு ஐம்பது வயதிருக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை, நீலச் சட்டையோடே வந்திருந்தார். பின்னால் அவருடைய தோளில் கை வைத்தபடி தம்பி மோகன் படியேறினார். மோகன் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். கண்ணில் ஒரு பரம்பரை நோய். முதலில் இருட்டில் தெரியாமல் போனது, பிறகு ஓரங்கள் போயின, வேன் போனது. இப்போது நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம்.

"பகல்ல நேரா இருக்கறது நல்லாத் தெரியும்," என்றார். "உங்க மூஞ்சி தெரியுது. உங்க காதுக்கு ஆள் தேடணும். வெளிச்சம் கொறைஞ்சா மூஞ்சியும் போயிடும்."

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்று அக்கா கேட்டார்.

"அந்த நடு வட்டமும் போவும்னு சொல்றாரு. எப்பன்னு சொல்ல மாட்டேங்கறாரு. ஒவ்வொரு செக்கப்புக்கும் கொஞ்சம் சின்னதாகுது."

"என்ன பார்க்கணும் உங்களுக்கு?"

"சனி. அந்த வளையம். வேன்ல ஒரு பொண்ணு எனக்குப் படம் காட்டும். ஒரு தடவ நெசமா பார்த்துடணும்னு நெனைச்சேன். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம்னு விட்டுட்டேன்."

செல்வி குறுக்கே வந்தார். "நெலாவ பாருடான்னா கேக்க மாட்டேங்கறான், அக்கா. சனிய நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. கோயில்லயே ஓரமா நின்னுதானே கும்பிடறோம்."

"ஓரமா பார்க்கற கண்ணுதான் எனக்குப் போயிடுச்சே. நேராத்தான் பார்க்க முடியும்," என்றார் மோகன்.

செல்வி சிரிக்கக் கூடாது என்று உதட்டை மடித்துக்கொண்டார். நானும்தான்.

அக்கா சிரிக்கவில்லை. அவர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் விஷயம் தெரியும். சனியின் வளையம் எப்போதும் ஒரே மாதிரி தெரிவதில்லை. சில வருடங்கள் அகலமாக நம் பக்கம் சாய்ந்திருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கி, விளிம்பு மட்டும் நம்மைப் பார்க்க, வளையமே இல்லாத மாதிரி ஆகிவிடும். மறுபடி நன்றாக விரியச் சில வருடங்கள் ஆகும். அந்தச் சமயம் அது ஒடுங்கிக்கொண்டிருந்த காலம். அதோடு சனி மாலை வானத்தில் இருக்கப் போவதும் இன்னும் சில மாதங்கள்தான். அதற்குப் பிறகு சூரியன் பக்கம் போய்விடும். மோகனின் வட்டமும் அந்த வளையமும் சேர்ந்தே சிறுத்துக்கொண்டிருந்தன.

அவருடைய மருமகன் ஒருவர், கைப்பேசியில் படம் காட்டும் புதுவகைத் தொலைநோக்கி ஒன்றைச் சொல்லியிருந்தாராம். தானே தேடி, தானே படம் பிடித்துத் திரையில் காட்டிவிடும். நல்ல சாமான்தான், நானே அதைப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறேன். மோகன் வேண்டாம் என்றார். "ஃபோன்ல பார்க்கறதுக்கு யூடியூப் போதும்ணே. அங்கேருந்து வர்ற வெளிச்சம் என் கண்ணுக்குள்ள விழணும்."

அக்கா வழக்கமான கேள்விகளைத் தொடங்கினார். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. செல்வியிடம் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள். பாலிக் புலாவ் கடற்கரை நல்ல இருட்டு என்று யாரோ சொன்னதால் அங்கே போவதாகத் திட்டம்.

"இருட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனா நட்சத்திரத்துக்கு முன்னாடி லோங்காங்கதான் பார்ப்பேன்," என்றார் மோகன். லோங்காங் என்றால் இங்கே சாக்கடைக் கால்வாய்.

"இருட்டு வேணாம் தம்பி," என்றார் அக்கா. "மங்கலா இருக்கறதுக்குத்தான் இருட்டு வேணும். சனி தெருவிளக்குக்கெல்லாம் ஒளிய மாட்டாரு. உங்க வீட்டுக்கிட்ட மேற்குப் பக்கம் திறந்த எடம் இருக்கா?"

இருந்தது. அடுக்குமாடிக்கு அடுத்து பாடாங் என்கிற புல்வெளி, ஓரத்தில் ஃபுட்சால் மைதானம், மாலையானால் விளக்கு எரியும். மோகன் அங்கே தடுமாறாமல் நடப்பாராம்.

நான் உள்ளே போய் இரண்டைக் கொண்டுவந்தேன். ஒன்று குட்டையான, தடித்த குழாய். உள்ளே ஒளி மடங்கி மடங்கிப் போவதால் சின்ன உடம்பில் நிறையப் பெரிதாக்கும். கிரகங்களுக்கு நல்லது என்று எனக்கு அதன் மேல் ஆசை. அக்கா தலையாட்டவில்லை. அது வெளிக்காற்றுக்குப் பழகி நிதானத்துக்கு வர நேரம் எடுக்கும். வானத்தில் ஒரு பொட்டு அளவுதான் காட்டும் என்பதால் குறிபார்க்கவும் நேரம் எடுக்கும். இன்னொன்று முன்னால் லென்ஸ் வைத்த குட்டைக் குழாய், முழங்கை நீளம். வெளியே எடுத்ததுமே தயார். வெளிச்சமான பொருளைச் சுற்றி லேசாக ஊதா நிறம் கசியும். அதைப் பற்றி மோகனுக்குக் கவலை இருக்காது. அதை எடுத்தோம். குழாய்க்கு ஒரு பை, அதைத் தாங்கும் முக்காலிக்கு ஒரு பை.

செல்வி இரண்டையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். தொழிற்சாலையில் தட்டுகள் தூக்குகிற கை. திருப்பத்தில்கூட நிற்கவில்லை. கீழே விரித்து, பார்த்து, மடக்கி, மேலே வந்தபோது மூச்சுகூட வாங்கவில்லை. இவ்வளவு சுலபமாகத் தேறியவரை நான் பார்த்ததில்லை. அக்காவைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மோகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர இங்கேயே விட்டுட்டுப் போயிட்டீங்களே," என்றார் மெதுவாக.

மறுபடி தொடங்கினோம். செல்வி முதல் படியில் நின்றார். வலது தோளில் குழாய்ப் பை, இடது கையில் முக்காலி. மோகன் எப்போதும் பிடிக்கும் தோளைத் தேடினார். அங்கே பை இருந்தது. இன்னொரு பக்கம் தேடினார், முக்காலியின் கால் இடித்தது. இருவரும் படியின் தலையில் அப்படியே நின்றார்கள். செல்விக்கு இரண்டு கை. அதில் ஒன்று சாயங்காலமானால் தம்பிக்கு உரியது. அத்தனை வருடமாக ஆட்களின் கையை எண்ணிக்கொண்டிருந்த கடையில் அது யாருக்கும் தோன்றவில்லை.

நீள முக்காலியைத் தள்ளிவிட்டேன். குட்டைக் கால் முக்காலி ஒன்று குழாயோடு ஒரே பைக்குள் அடங்கியது. மோகன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அந்த உயரம் போதும், கால் தடுக்கவும் தடுக்காது, குட்டையாக இருப்பதால் ஆட்டமும் குறைவு. பை இடது தோளில், மோகனின் கை வலது தோளில். இறங்கினார்கள், ஏறினார்கள். அன்றைக்கு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பின்பக்க ஜன்னலிலிருந்து பினாங்கு மலை தெரியும். உச்சியில் கம்பிக் கோபுரம் ஒன்று. அதைக் குறிவைத்து, ஐபீஸ் எனப்படும், கண் வைத்துப் பார்க்கிற சின்ன வில்லைகளில் கடையிலேயே சிறந்ததை மாட்டினேன். அகலமான காட்சி, ஓரமே தெரியாமல் விரிந்து கிடக்கும். அனுபவப்பட்டவர்கள் ஏங்குகிற வில்லை. மோகன் கண் வைத்தார்.

"தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எதிரில் ஆள் காத்துக்கொண்டிருந்தால், கறுப்பைப் பார்த்துக்கொண்டே தெரியுது என்பார்கள். மரியாதைக்குச் சொல்கிற பொய்.

"கோபுரம் எந்தப் பக்கம் இருக்கு?" என்றார் அக்கா.

மோகன் கண்ணை எடுத்துவிட்டுச் சிரித்தார். "மாட்டிக்கிட்டேன். பச்சையா இருக்குக்கா. அதுல எங்க இருக்கேன்னு தெரியல."

அக்கா தபால் அட்டை ஒன்றைச் சுருட்டிக் குழாயாக்கி ஒரு கண்ணில் வைத்தார், இன்னொரு கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே கடைக்குள் நடக்க ஆரம்பித்தார். முதலில் மேசையில் மோதினார். கண்ணாடி அலமாரிப் பக்கம் போனவரை நான் கையைப் பிடித்துத் திருப்பினேன். செல்வி வாயைப் பொத்திக்கொண்டார். "என்னக்கா, எங்க வீட்டுக்கு வந்துட்டீங்களா?" என்றார் மோகன். அக்கா அப்படியே படிக்கட்டுப் பக்கம் போனார். அந்தக் குறுகலில் ஒழுங்காக நடந்தார். திரும்பிக் கடைக்குள் வந்ததும் மறுபடி தொலைந்து போனார். இரண்டு மூன்று தடவை இதையே செய்தார்.

"செவுரு இருந்தா தெரியுது," என்றார் கடைசியில். "இவருக்கு மைதானத்தக் குடுத்திருக்கோம். சந்து குடுக்கணும்."

யாரும் வாங்காமல் கிடந்த பழைய ஐபீஸ்கள் ஓர் இழுப்பறை நிறைய இருந்தன. குழாய் வழியாகப் பார்ப்பது போல் குறுகலாகக் காட்டும் மலிவுச் சரக்கு. வாங்கியவர்களுக்கு அதைக் கழற்றிவிட்டு நல்லதை மாட்டிக் கொடுப்போம். ஒவ்வொன்றாகப் போட்டோம். நாலாவதோ ஐந்தாவதோ போட்டபோது மோகனின் தலை ஆடுவது நின்றது.

"இதுல ஓரம் இருக்கு," என்றார். "ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டே உள்ள வர முடியுது. கோபுரம் கீழ, கொஞ்சம் வலது பக்கம். மேல ஏதோ செவப்பா இருக்கு."

உச்சியில் விமானங்களுக்காக வைத்த விளக்கு அது. நான் சொல்லவில்லை.

"எடுத்துட்டுப் போங்க. சனியப் பார்த்தா வாங்குங்க. பார்க்கலைன்னா திருப்பிக் கொண்டாங்க," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு மழை. அந்த வருடம் மாலைதோறும் மலைக்குப் பின்னாலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. செல்வி ஃபோன் செய்வார். "மேகம்ணே." சில நாள் அவ்வளவுதான் பேச்சு. வானம் திறந்த ஒரு வாரம் அவருக்கு இரவு ஷிஃப்ட். இன்னொரு நாள் சனியைப் பிடித்துவிட்டார், மோகனை உட்கார வைப்பதற்குள் மூடிக்கொண்டது. மழை விட்டு ஊர் காயத் தொடங்கியபோது சனி மேற்கே இறங்கிவிட்டது. வாரத்துக்கு வாரம் தாழ்ந்துகொண்டே போனது. நடுவில் மோகன் கண் பரிசோதனைக்குப் போய் வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "வட்டத்துக்கு என்மேல கோவம்," என்று மட்டும் சொன்னார்.

மேற்கே கடைசியாக நல்ல உயரம் மிச்சமிருந்த வாரத்தில் செல்விக்குப் பகல் ஷிஃப்ட் வந்தது. அன்று மத்தியானம் அக்கா ஜன்னலில் நின்று வெகுநேரம் வானத்தைப் பார்த்தார். "கடையச் சாத்திடலாம்," என்றார். அவர் நேரத்துக்கு முன்னால் கடை சாத்தி நான் பார்த்ததில்லை. அவர் ஓட்டும் பழைய காடியில் பாலம் தாண்டி அவர்கள் அடுக்குமாடிக்குப் போனோம்.

பாடாங்கில் ஃபுட்சால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. விளக்கெல்லாம் எரிந்தது. செல்வி ஒரு தோளில் பையும் மறு தோளில் தம்பியின் கையுமாகப் படியிறங்கி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். செல்வி விரித்து மாட்டியதில் நான் கை வைக்க வேண்டிய இடமே இருக்கவில்லை. மழை நாட்களில் வீட்டுக்குள்ளேயே பழகியிருக்கிறார். "சனியப் பார்க்க இவ்வளவு ஏற்பாடா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "கூப்பிடாமலே வர்றவரு, இவன் ஆளனுப்பிக் கூப்பிடறான்," என்றார் செல்வி.

மேற்கில் ஒரு மேகப் பட்டை கிடந்தது. அதற்கு மேல் வெளிறிய நீலத்தில் சனி ஒரு பொட்டாக வந்தது. செல்வி பிடித்துக் கொடுக்க, நான் சரிபார்க்கக் கண் வைத்தேன். சின்னது, கூர்மை, வளையம் ஒடுங்கியிருந்தாலும் தெளிவு. ஒன்று மட்டும் புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். படங்களிலெல்லாம் அந்த வளையம் தொப்பியின் விளிம்பு மாதிரி கிடையாகப் படுத்திருக்கும். நம் ஊரில், மேற்கே இறங்கும்போது, அது ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து நிற்கும். நான் நிமிர்ந்தபோது அக்கா என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எதுவும் சொல்லாதே என்று அர்த்தம்.

மோகன் உட்கார்ந்தார். விரலால் ஐபீஸைத் தடவி, கண்ணைக் கொண்டுபோய் வைத்தார்.

"ஓரம் கெடைச்சிருச்சு," என்றார்.

மைதானத்தில் யாரோ கோல் அடித்தார்கள், சத்தம் எழுந்தது. மேகப் பட்டை மேலே ஏறிக்கொண்டிருந்தது. பூமி சுழல்வதால் சனி காட்சியைவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். செல்வி குனிந்து திருகை மெதுவாகத் திருப்பினார்.

"இருக்கா?"

"இரு."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. அவருடைய முதுகு அசையவில்லை. செல்வி என்னைப் பார்த்தார், நான் மேகத்தைப் பார்த்தேன். தெரியுது என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. எங்களைத் தூரத்திலிருந்து வரவழைத்துவிட்டோமே என்று அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான்.

மோகன் கண்ணை எடுக்காமலே வலது கையைத் தூக்கினார். உள்ளங்கையை நேராக நிறுத்தி, கொஞ்சமே கொஞ்சம் ஒரு பக்கம் சாய்த்தார்.

"அக்கா, இத கோணலா மாட்டிட்டியா?"

"ஏன்டா?" என்றார் செல்வி.

"படத்துல வளையம் படுத்துக்கிட்டுல்ல இருக்கும். இங்க நிக்குது."

செல்வி பதறி முக்காலியைச் சரிசெய்யக் குனிந்தார். தெரேசா அக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க," என்றார். "அது சரியாத்தான் நிக்குது."